கூரையை நிமிர்ந்து பார்த்தீர்களா?

மேட்டூருக்குப் போயிருந்தபோது பஸ் நிலையத்தில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி பள்ளிக்கூடப் பையோடு ஒன்று.

“அணையில இன்னிக்கு எத்தனை அடிங்கறது எங்க பையனுக்கே தெரியுமுங்க” என்று பெருமையாகச் சொன்னார்.

“அவன் படிக்கிற பள்ளிக்கூடக் கட்டடத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், அம்மா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “அதைப் போயி யாருங்க கேப்பாங்க?”

நேயர்களே, அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைப் பத்திரிகைகள் தினந்தோறும் தவறாமல் சொல்கின்றன. ஏனென்றால் லட்சக்கணக்கான ஜனங்கள் அதைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடக் கூரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆகவே யாரும் சொல்வதுமில்லை!

கேட்காமல் இருந்ததன் விலை என்ன? கும்பகோணத்தைக் கேளுங்கள்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. மத்தியான உணவு சமைக்கும் இடத்தின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ, மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கி ஓடக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டுபோனார்கள்.

தலைவிதி என்று சொல்லலாமா? கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஓலை இருந்ததும், அதற்கு மேலே குழந்தைகள் உட்கார்ந்திருந்ததும் கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளா, என்ன? பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வழக்கு பத்து வருஷம் நடந்தது. 2014 ஜூலை 30-ல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்த பொறியாளரும் அவர்களில் ஒருவர். பதினோரு பேர் விடுதலையானார்கள். நகராட்சி அதிகாரிகளும் அதில் அடக்கம். பள்ளி ஸ்தாபகருக்கு விதித்த ஆயுள் தண்டனையையும் 2017-ல் உயர் நீதிமன்றம், அவர் ஏற்கெனவே அனுபவித்த சிறைக்காலமே போதும் என்று குறைத்துவிட்டது.

டில்லியிலும் இதே கதைதான். 1997 ஜூன் 13-ல் உபகார் சினிமாக் கொட்டகையில் தீப்பிடித்து, புகையில் சிக்கி 59 பேர் இறந்தார்கள். தம்முடைய இரண்டு குழந்தைகளையும் அங்கே பறிகொடுத்த நீலம் கிருஷ்ணமூர்த்தி என்ற தாயார், கணவரோடும் மற்றக் குடும்பங்களோடும் சங்கம் அமைத்து வழக்காடினார். நஷ்ட ஈடு கிடைத்தது. ஆனால், அதில் டில்லி மாநகராட்சிக்குப் பொறுப்பில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது, சகோதரிகளே? விபத்துக்குப் பிறகு அதிகாரிகளைப் பொறுப்பாக்குவது மலையைக் கெல்லுகிற வேலை. விபத்துக்கு முன்னால் கேள்வி கேட்பதோ, ஒரு காகிதமும் பத்து ரூபாயும் செலவாகிற காரியம்!

கும்பகோணம் தீயை அடுத்துத் தொடரப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமை என்றால், பத்திரமான பள்ளிக்கூடத்தில் படிக்கும் உரிமையும் அதில் சேர்ந்தது என்று சொல்லி, தீயணைப்புச் சாதனங்களையும் கட்டடச் சோதனையையும் கட்டாயமாக்கியது. ஆகவே நீங்கள் கேட்கப்போவது சலுகையல்ல, உரிமை.

என்ன கேட்கலாம்? பள்ளிக்கூடத்துக்கு நான்கு காகிதங்கள் வேண்டும்: கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “இவற்றின் தேதி என்ன? எப்போது காலாவதியாகிறது?” நல்ல பள்ளி காட்டத் தயங்காது.

பதில் வராவிட்டால், 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தாசில்தார் அலுவலகத்துக்கோ நகராட்சிக்கோ பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். “கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவரின் பதவி, அவர் எழுதிய அறிக்கையின் நகல்” என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. விரிசலையோ சாய்ந்த சுவரையோ கண்டால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கி பத்திரமாக வையுங்கள். “எங்களுக்குத் தெரியாது” என்று பிற்பாடு யாரும் கையை விரிக்க முடியாமல் செய்வது அந்த ரசீதுதான்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரையும் எதிர்வீட்டு மாமியையும் அழைத்துக்கொள்ளுங்கள். நான்கு தாய்மார் சேர்ந்து வந்தால் எந்த ஆபீசிலும் நாற்காலி போடுவார்கள்!

நாளைக் காலையில் குழந்தையைப் பள்ளி வாசலில் விடும்போது, ஒரு நிமிஷம் நின்று, அந்தக் கூரையை நிமிர்ந்து பாருங்கள். பிறகு உள்ளே போய், அந்த நான்கு காகிதங்களைக் கேளுங்கள்.