ஜாங்கோ கற்கத் தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை

பயனரின் அடையாளத்தைச் சரிபார்த்தல், தரவுத்தளத்தில் தகவலைச் சேமித்தல், படிவங்களைக் கையாளுதல் என இணையதளங்கள் பலவற்றுக்கும் பொதுவாகத் தேவைப்படும் பணிகளுக்கான நிரல்களை முன்கூட்டியே எழுதி ஒழுங்குபடுத்தித் தரும் தொகுப்பே ஃபிரேம்வொர்க் எனப்படுகிறது. பைதான் மொழியில் அமைந்த ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றில் பணிபுரிந்த ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகியோரால் 2003இல் உருவாக்கத் தொடங்கப்பட்டு, 2005 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது. நிரல் அறியாத செய்தியாளரும் தகவலை உள்ளிடக்கூடிய நிர்வாகப் பக்கம் இன்றும் அதனுடன் ஆயத்தமாகவே வருவதில், காலக்கெடுவுக்குள் பக்கங்களை அமைக்க வேண்டியிருந்த அந்தச் செய்தி அறையின் தேவையைக் காணலாம்.

சில கட்டளைகளிலேயே தளம் இயங்கத் தொடங்கிவிடுவதால், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமலே பலர் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றனர். பைதானின் செயற்கூறும் வகுப்பும் பிடிபடாத நிலையில் ஜாங்கோவைத் தொடுவோருக்கு, பிழை மொழியில் உள்ளதா, ஃபிரேம்வொர்க்கில் உள்ளதா என்பதே விளங்காது. ஆகவே அவற்றை முதலில் கற்பதே முறை.

ஜாங்கோவின் அதிகாரபூர்வப் பயிற்சி, சிறிய வாக்கெடுப்புத் தளம் ஒன்றை அமைத்துக் காட்டுகிறது. உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளை முகவரிப் பட்டியல் உள்ள கோப்பு உரிய ‘வியூ’ என்னும் செயற்கூறுக்கு அனுப்ப, அது தரவுத்தள அட்டவணைக்கு நிகரான பைதான் வகுப்பாகிய ‘மாடல்’ வழியாகக் கேள்விகளைப் பெற்று, பக்கத்தின் வடிவத்தைத் தாங்கிய ‘டெம்ப்ளேட்’டில் பொருத்தித் திருப்பி அனுப்புகிறது. இந்தப் பாதையை ஒருமுறை விரல் வைத்துத் தொடர்ந்து பார்ப்பது, பத்துக் காணொலிகளைக் காண்பதைவிடப் பயனுள்ளது. பயிற்சி முடிந்ததும் அதை மூடிவைத்துவிட்டு, நூலக இரவல் பதிவேடு போன்ற ஒன்றைத் தாமே எழுதிப் பார்க்கும்போதுதான் கற்றது எவ்வளவு என்பது தெரியவரும்.

தொடக்கநிலையினர் அடிக்கடி தடுமாறும் இடம் ‘மைக்ரேஷன்’. மாடலில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்தால் மட்டும் அட்டவணை மாறிவிடாது. மாற்றத்தைக் கோப்பாக எழுத ஒரு கட்டளையும், அதைத் தரவுத்தளத்தில் நிறைவேற்ற மற்றொரு கட்டளையும் வேண்டும். இரண்டாவதை மறந்தால், அத்தகைய பத்தி இல்லை என்ற பிழை தோன்றும். பிழைப் பக்கத்தின் நீளத்தைக் கண்டு மிரளாமல், உச்சியிலுள்ள பிழையின் பெயரைப் படித்தபின், தாம் எழுதிய கோப்பின் பெயர் வரும் வரியைத் தேட வேண்டும். காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். தளத்தின் உள்விவரங்களைக் காட்டும் இப்பக்கம் பொதுமக்கள் கண்ணில் படக்கூடாது என்பதால், தளத்தை வெளியிடும் முன் ‘டீபக்’ அமைப்பை அணைத்துவிடுவது கட்டாயம்.

பழைய பாடங்கள் இணையத்தில் மலிந்திருப்பதையும் மறந்துவிடலாகாது. முகவரிகளை எழுத ஒருகாலத்தில் வழங்கிய ‘யூஆர்எல்’ செயற்கூறு 4.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது, 2.0 பதிப்பில் வந்த ‘பாத்’ இப்போது வழக்கில் உள்ளது. எனவே, கற்போர் தம் கணினியில் உள்ள பதிப்பின் எண்ணை முதலில் பார்த்து, அதற்குரிய அதிகாரபூர்வ ஆவணத்தையே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.