அப்பார்ட்மென்ட்டுக்கு பிராட்பேண்ட் லைன் வரலையா? செய்ய வேண்டியது இதுதான்!

பக்கத்துத் தெரு வரைக்கும் கேபிள் வந்திருக்கும். ஆனா நம்ம அப்பார்ட்மென்ட்டுக்குக் கேட்டா, 'உங்க பில்டிங்ல லைன் இல்லை' என்பார்கள். ஏன்?

ஒரே ஒரு வீட்டுக்காகக் கேபிள் இழுப்பது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. ஒரு ஃபைபர் இழையை ஸ்பிளிட்டர் மூலம் 8, 16, 32 வீடுகளுக்குப் பிரிக்கலாம். எனவே தனியாகக் கேட்காமல், இணைப்பு வேண்டும் என்பவர்களின் பட்டியலைச் சேர்த்துக் கொடுங்க.

கேபிள் போகும் வழியும் பெட்டி வைக்கும் இடமும் பொதுப் பகுதி. அதனால் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதக் கடிதத்தையும் வாங்கி வைங்க.

சங்கம் கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை:

* வீடு வரைக்கும் ஃபைபரா, இல்லை கீழே சுவிட்ச் வைத்து லேன் கேபிளா? சுவிட்சுக்கு மின்சாரம் வேண்டும். பேக்கப் இல்லாவிட்டால், கரண்ட் போனதும் எல்லா வீட்டிலும் நெட் கட்! அந்த கரண்ட் பில் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்க.

* 'வேறு நிறுவனத்தை உள்ளே விடக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தால் ஒத்துக்காதீங்க. நாளைக்குக் கட்டணம் ஏறினாலும், சேவை மோசமானாலும் மாற வழியிருக்காது.

புது வீடு வாங்கப் போறீங்களா? கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்கு ரேட்டிங் தரும் விதிமுறையை டிராய் 2024-ல் வெளியிட்டது. முன்பணம் கொடுக்கும் முன் அதையும் பில்டரிடம் கேளுங்க.