கப்பலேறிய கொள்ளுத்தாத்தா

"நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர் திரும்பவில்லை. புருவத்தில் மாடு முட்டிய தழும்பு உண்டு." தன் மாமனாரைப் பற்றி அப்பத்தா சொன்னது இவ்வளவுதான். சாவுச் சேதி வராததால் கொள்ளுப்பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, திதியும் கொடுக்கவில்லை.

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது. அதுமுதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றனர். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண், தந்தை பெயர், வயது, ஊர், அங்க அடையாளம் உண்டு. அவர் பெயரில் பலர் இருந்தனர். தழும்புதான் அவரைக் காட்டிக் கொடுத்தது.

ஆடி அமாவாசையன்று யமுனைக்கரையில் முதல்முறையாக அவர் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன்.

அன்பர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் பெயரோடு அடையாளங்களையும் கேட்டு எழுதி வையுங்கள்.