தட்டம்மை அழிக்கும் நினைவு

‘தட்டம்மை ஒருமுறை வந்து போனால் ஆயுளுக்கும் எதிர்ப்பாற்றல் கிடைத்துவிடுமே, பிறகு தடுப்பூசி எதற்கு?’ என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. கேள்வியின் முதல் பாதி உண்மைதான். இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல, ரத்தத்தின் வெள்ளையணுக்கள் வைரஸை எப்படி எதிர்கொள்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

வைரஸ் புகுந்த செல், இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரந்து அண்டை செல்களை எச்சரிக்கிறது. இயற்கைக் கொல்லி செல்கள் முதலில் களமிறங்குகின்றன; எந்த வைரஸ் என்று அவை பார்ப்பதில்லை. அடுத்த சில நாட்களில், அந்த வைரஸுக்கென்றே தேர்ந்த படை நிணநீர்க் கணுக்களில் பெருகுகிறது. டி செல்களில் ஒருவகை, தொற்றுக்குள்ளான செல்களைத் தேடி அழிக்கிறது. பி செல்களிலிருந்து உருவாகும் எதிர்ப்பொருள்கள், வைரஸ் புதிய செல்களுக்குள் நுழையாமல் தடுக்கின்றன. நோய் தணிந்ததும் இப்படையின் பெரும்பகுதி மடிந்துவிடும். எஞ்சுபவையே நினைவு செல்கள். அதே வைரஸ் மீண்டும் வந்தால் இவை விரைந்து பெருகும்.

இந்த நினைவு எவ்வளவு காலம் நீடிக்கும்? அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள ஃபேரோ தீவுகளில் 1846-இல் தட்டம்மை பரவியபோது, சுமார் 7,800 மக்களில் ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றனர். அங்கு சென்று ஆராய்ந்த டென்மார்க் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும், 1781-இல் அந்நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட அது மீண்டும் வரவில்லை என்று பதிவுசெய்தார். 65 ஆண்டுகள் கழித்தும் உடல் மறக்கவில்லை.

ஆனால், அந்த நினைவுக்குத் தட்டம்மை வாங்கும் விலை பெரிது. இந்த வைரஸ், நினைவு செல்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தையே வாயிலாகக் கொண்டு அவற்றுக்குள் நுழைகிறது. தொற்றுக்குள்ளான செல்லை அழிப்பது டி செல்லின் கடமை. அது நினைவு செல்லாக இருந்தாலும் விடுவதில்லை. நோய் தீர்ந்தபின் தட்டம்மையின் நினைவு பத்திரமாக இருக்கும். வேறு கிருமிகளைப் பற்றிய பழைய நினைவுகள் பல அழிந்திருக்கும். உடல் முன்பு வென்ற கிருமிகளே மீண்டும் நோய் தரக்கூடும். அறிவியலாளர்கள் இதனை ‘நோயெதிர்ப்பு மறதி’ என்கின்றனர்.

நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளிடம், தட்டம்மை வருவதற்கு முன்னும் வந்துபோன பின்னும் எடுத்த ரத்தத்தை ஆராய்ந்த முடிவுகள் 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின. ஏற்கெனவே இருந்த எதிர்ப்பொருள்களின் தொகுப்பில் 11 முதல் 73 விழுக்காடு வரை அவர்கள் இழந்திருந்தனர். தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் இத்தகைய இழப்பு காணப்படவில்லை.

தடுப்பூசியில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான். ஆனால், வலுவிழக்கச் செய்யப்பட்டது. தட்டம்மையின் நினைவை அது பதிக்கிறது. மற்ற நினைவுகளை அழிப்பதில்லை. நம் நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி 9 முதல் 12 மாதங்களுக்குள் ஒருமுறையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மறுமுறையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. இரண்டு தவணைகளும் அவசியம். எதிர்ப்பாற்றல் நோயின் வழியாகவே வரட்டும் என்று காத்திருப்பது, குழந்தையின் உடல் அதுவரை கற்ற பாடங்களைப் பணயம் வைப்பதாகும்.