ஐராவதத்தின் பெயரில் ஓர் அருவி!

ஏழு படிகள். ஏழு குளங்கள். குளம் எல்லாம் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர்!

தாய்லாந்து நாட்டில் காஞ்சனபுரி என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து 65 கிலோமீட்டர் தூரத்தில், சுண்ணாம்புக்கல் மலைக் காட்டுக்குள், இந்த அருவி ஓடுகிறது. அதன் பெயர் "எராவண்".

நம் புராணத்தில் வரும் ஐராவதம்தான் அங்கே எராவண் ஆகிவிட்டது. இந்திரனின் யானைக்கு அந்த நாட்டுக்காரர்கள் மூன்று தலை வைத்துப் படம் எழுதுகிறார்கள். ஏழாவது படியில் தண்ணீர் விழும் பாறை, அந்த மூன்று தலை யானையைப் போல இருக்கிறதாம். அதனால்தான் அந்தப் பெயர். 1975-ம் ஆண்டு இந்தக் காட்டை அரசாங்கம் தேசியப் பூங்கா ஆக்கியது.

வானத்தில் இருந்து கொட்டும் பேரருவி என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். இது குடும்பத்தோடு போய்க் குளித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வரும் அருவி. காஞ்சனபுரியில் காலையில் பஸ் ஏறினால் போதும். அடிவாரத்தில் இருந்து உச்சிப் படி வரை சுமார் 2 கிலோமீட்டர் நடை. கீழ்ப் படிகளுக்குப் பாட்டிமாரும் போகலாம். மேலே போகப் போகப் பாதை செங்குத்து. மரத்தின் வேரையும் பாறையையும் மிதித்து ஏற வேண்டும்.

குளத்தில் காலை வைத்ததும் மீன்கள் ஓடி வருகின்றன. பாதத்தில் உள்ள செத்த தோலைக் கொத்தித் தின்கின்றன. குழந்தைகள் "வீல்" என்று கத்துகிறார்கள். பெரியவர்களும் கத்துகிறார்கள், ஆனால் வெளியே சொல்வது இல்லை! நான்காவது படியில் வழுவழுப்பான உருண்டைப் பாறைகள் உண்டு. இளைஞர்கள் அதன் மேல் உட்கார்ந்து, சறுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுகிறார்கள்.

கல் வளர்கிறது!

இந்த ஏழு படிகளையும் கட்டியது யார்? கொத்தனார் இல்லை. தண்ணீர்தான் கட்டியது.

மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அதற்கு லேசான புளிப்புத் தன்மை வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு, மலையின் வேறு பக்கத்தில் ஊற்றாக வெளியே வருகிறது.

சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் "புஸ்" என்று வாயு போய்விடும் அல்லவா? பாறையில் விழுந்து சிதறும் தண்ணீரில் இருந்தும் அப்படித்தான் வாயு வெளியேறுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பைத் தாங்கும் சக்தி தண்ணீருக்கு இல்லை. பாசி, சுள்ளி, உதிர்ந்த இலை எல்லாவற்றின் மேலும் அது படிகிறது. உப்புத் தண்ணீரை நாள்தோறும் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே சங்கதிதான்.

தண்ணீர் வேகமாகத் தாண்டும் விளிம்பில்தான் படிவு அதிகம். விளிம்பு உயர்ந்து உயர்ந்து வரப்பு ஆகிறது. வரப்புக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக் குளம் ஆகிறது. குளத்தின் அழகான நிறத்துக்கும், தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் தூள் ஒரு காரணம்.

இப்படி வளரும் கல், பொதுவாக ஓர் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் உயரும். புதிதாகப் படிந்த கல் கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஒருவர் மிதித்தால் பொடியும். பல ஆண்டுகளாகத் தண்ணீர் கட்டியதை ஒரு கால் ஒரு நொடியில் உடைத்துவிடும்! வரப்பின் மேல் ஏறி நிற்காமல், பாதையோடு நடந்து, குளத்துக்குள் இறங்குவதே சரி.

ஆழத்திலும் கவனம் வேண்டும். தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். இடுப்பளவு என்று நினைத்த இடம் தலைக்கு மேல் இருக்கும். நீந்துகிறவர்கள் மிதவைச் சட்டை அணிய வேண்டும் என்பது பூங்காவின் விதி. இரண்டாவது படிக்கு மேல் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது. அங்குள்ள குரங்குகளுக்கு அந்த விதி பிடிக்காமல் இருக்கலாம்!

சின்ன அருவிக்கு ரெயில்

ஏற முடியாதவர்களுக்கு அதே காஞ்சனபுரிப் பக்கத்தில் இன்னொரு சுண்ணாம்பு அருவி உண்டு. அதன் பெயர் "சாய்யோக் நோய்". பயப்பட வேண்டாம். அவர்கள் மொழியில் "நோய்" என்றால் "சின்னது". ரெயிலிலேயே போகலாம். ரெயில் முடியும் ஊரின் பெயரே "நாம் தோக்", அதாவது அருவி.

அந்த ரெயில் பாதைதான் சயாம் மரண ரெயில் பாதை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943-ம் ஆண்டுகளில், ஜப்பானிய ராணுவம் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அதைப் போட்டது. போர்க் கைதிகளோடு, மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து பல்லாயிரம் தமிழர்களையும் கொண்டுவந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல்கூட இல்லை.

அருவியில் குளித்தவர்கள் ஈரத் தலையோடு அந்த ரெயிலில்தான் திரும்புகிறார்கள். வழியில் மலையை ஒட்டி மரத் தூண்கள் மேல் ஒரு பாலம். அங்கே ரெயில் மெதுவாக ஊர்கிறது. ஒரு பக்கம் ஆறு. மறு பக்கம், வெடி வைத்தும் உளியும் சம்மட்டியும் கொண்டும் வெட்டிய பாறை, ஜன்னலில் இருந்து கை எட்டும் தூரத்தில் வந்து போகிறது.