மேட்டில் நின்ற கார் அடம்பிடிப்பது ஏன்?

நம் மதுரை சமவெளி நகரம். மாசி வீதியாயினும், மாட்டுத்தாவணியாயினும் காரை நிறுத்திவிட்டு நாம் கவலையின்றி நடந்துவிடலாம். ஆனால் விடுமுறை வந்தால் நம்மில் பலர் நாடுவது மலையைத்தான். அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறுகிறோம். சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்குச் செல்கிறோம். ஆகஸ்ட் மாதத்தில் அங்குள்ள சலேத் அன்னையின் திருவிழாவுக்கும் போகிறோம். அங்கெல்லாம் சரிவில்தான் காரை நிறுத்த வேண்டியிருக்கிறது.

இன்று நம் வீடுகளில் தானியங்கிக் கியர் கொண்ட கார்கள் பெருகிவிட்டன. இவற்றைச் சரிவில் நிறுத்தி, கியரைப் 'பி' என்னும் எழுத்தில் வைத்து இறங்கிவிடுகிறோம். திரும்பி வந்து எடுக்க முயன்றால் கியர்த் தண்டு அசைய மறுக்கிறது. பலங்கொண்டு இழுத்தால் 'டங்'கென்ற ஓசையுடன் கார் குலுங்குகிறது. கார் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுகிறோம். உண்மையில் பழுது காரில் இல்லை. நிறுத்திய முறையில்தான் இருக்கிறது.

'பி' என்பது என்ன?

'பி' என்பது பிரேக் அன்று. கியர்ப் பெட்டிக்குள் பற்கள் வெட்டிய ஒரு சக்கரம் உண்டு. தண்டைப் 'பி'யில் வைத்ததும், சிறியதோர் இரும்புக் கொக்கி அப்பற்களின் இடையே விழுந்து சக்கரத்தைத் திரும்பவிடாமல் தடுக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போல, காருக்கு இந்தக் கொக்கி.

பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவை எண்ணிப் பாருங்கள். 1,000 கிலோ எடையுள்ள காரை அச்சரிவு சுமார் 100 கிலோ அளவு விசையுடன் கீழே இழுக்கும். கைப்பிரேக் போடாமல் கால்பிரேக்கை விட்டால், கார் சற்றே நகர்ந்து அந்தப் பாரம் முழுவதும் கொக்கியின்மேல் சாய்ந்துவிடுகிறது. ஆள் சாய்ந்து நிற்கும் கதவின் தாழ்ப்பாளை எளிதில் திறக்க முடியுமா? அப்படித்தான் கியர்த் தண்டும் இறுகிக்கொள்கிறது.

முறையாக நிறுத்துவது எப்படி?

1. கால்பிரேக்கை அழுத்தியபடியே கியரை 'என்' நிலையில் வைக்க வேண்டும்.
2. கைப்பிரேக்கை நன்றாகப் போட வேண்டும்.
3. கால்பிரேக்கை மெல்ல விட்டு, காரின் பாரம் கைப்பிரேக்கில் அமர்வதைப் பார்க்க வேண்டும்.
4. மீண்டும் கால்பிரேக்கை அழுத்தி, 'பி'யில் வைத்து, இன்ஜினை நிறுத்த வேண்டும்.

புறப்படும்போது இன்ஜினை இயக்கி, கால்பிரேக்கை அழுத்தி, முதலில் 'பி'யிலிருந்து கியரை மாற்ற வேண்டும். அதன் பின்னரே கைப்பிரேக்கை விடுவிக்க வேண்டும்.

'பி' இல்லாத கார்களும் உண்டு. 2014-இல் வந்த மாருதி செலேரியோவைத் தொடர்ந்து நம் நாட்டில் பரவிய ஏ.எம்.டி. கார்களில் பெரும்பாலானவை அத்தகையவை. இவற்றை 'என்' நிலையில் விட்டு இறங்கினால் கைப்பிரேக் ஒன்றுதான் துணை. ஆகவே கைப்பிரேக் போட்டு, கியரிலேயே வைத்து இன்ஜினை நிறுத்த வேண்டும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்துக் காரைத் தாங்கிப் பிடிப்பதும் தவறு. கிளட்ச் சூடேறித் தேய்ந்துவிடும்.

கவனம் குறைந்தால்?

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆன்டன் எல்சின் என்னும் 27 வயது நடிகர், தம் வீட்டுச் சரிவுப் பாதையில் உருண்டு வந்த தம்முடைய ஜீப்பினாலேயே நசுங்கி உயிரிழந்தார். அவ்வகை வண்டியில் கியர் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை என்று கூறி, பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திருத்துவதற்காக அந்நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலிலேயே திரும்ப அழைத்திருந்தது. ஆகவே எழுத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பின்பே இறங்க வேண்டும். சரிவில் நிற்கும் காரின் கீழ்ப்புறம் சிறு பிள்ளைகள் நிற்கவே கூடாது.

இன்னொரு காவலும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வரும்போது, சக்கரத்தின் அடியில் கட்டை போட்டு அதை நிறுத்துவதை நாம் கண்டிருக்கிறோம். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் இடையூறு; தேருக்கோ அதுவே பாதுகாப்பு. மலையில் நிறுத்தும் காரின் சக்கரத்துக்கும் ஒரு மரக்கட்டை கொடுப்பது நலம். புறப்படும்போது அதை எடுத்து வண்டியில் போட்டுக்கொள்ள வேண்டும். சாலையில் விட்டுவந்தால் பின்னால் வருவோர்க்கு ஆபத்து.

தோழியரே! பதினெட்டு வயது நிறைந்ததும் நம்மில் பலர் ஓட்டுநர் உரிமம் பெறப் போகிறோம். 'முதலில் கைப்பிரேக், பிறகு பி' என்பதை இன்றே மனத்தில் பதிப்போம். வீட்டில் கார் ஓட்டும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வோம். இதற்கு ஆகும் நேரம் சில நொடிகளே. கடவுள் தந்த உயிரைக் காக்க அந்தச் சில நொடிகளைச் செலவிடத் தயங்கலாமா?