கேட்டு எழுதும் தொழில்

சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் நிறுவிய அந்தப் படநிலையம் 1937இல் ‘சதி அகல்யா’வில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்தது. 1939இல் அங்கே உருவான ‘சந்தனத்தேவன்’ படத்தில் நடித்தவர் எம்.ஆர்.ராதா. அந்த ராதாவின் வாழ்க்கை அவர் குரலிலேயே நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம் ஒரு பத்திரிகையாளர்: விந்தன்.

1916இல் பிறந்த கோவிந்தன் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தவர். அவருக்கு ‘விந்தன்’ என்று பெயரிட்டவர் எழுத்தாளர் கல்கி. பிற்காலத்தில் ‘தினமணி கதிர்’ இதழில் பணியாற்றினார். எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் சிறையிலிருந்து வந்த ராதாவிடம் உட்கார்ந்து கேட்டு, ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’ எழுதினார். 1959இல் மறைந்த நடிகர் தியாகராஜ பாகவதரின் கதையையும் எழுதினார். வாழ்க்கை வரலாற்றுத் தொழிலின் இரண்டு பக்கங்கள் இவை.

உயிரோடிருப்பவரிடம் ஆண்டைக் கேட்டால் பதில் தடுமாறும். எந்த நாடகக் கம்பெனி, வாத்தியார் யார், சம்பளம் எவ்வளவு, யாரோடு சண்டை என்று கேட்டால் கதை தானாக வரும். சொல்பவரின் பேச்சை எழுதுபவரின் நடை விழுங்கிவிடக் கூடாது, அதுதான் கடினம்.

மறைந்தவருக்குச் சாட்சி காகிதம். அந்நாளில் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் நடிகர் பெயர்களும் கதைச் சுருக்கமும் பாடல்களும் இருக்கும். நாடக நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம் ஆகியவை நாளைக் காட்டும். இப்படிச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன். தமிழ்ப் படங்களின் தகவல்களை வாழ்நாள் முழுதும் திரட்டினார். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பழைய அச்சுகளைப் பாதுகாக்கிறது. நினைவும் காகிதமும் முரண்படும் இடத்தில்தான் எழுத்தாளரின் உண்மையான வேலை தொடங்குகிறது.

நடிகர்களுக்காவது விந்தன் போன்றவர்கள் வாய்த்தார்கள். படநிலையத்தில் தச்சு வேலை செய்தவர்கள், நடிகர்களுக்கு அரிதாரம் பூசிவிட்டவர்கள், விளக்குப் பிடித்தவர்கள் கதையை யாரும் எழுதவில்லை என்றால், அது அவர்களோடு போய்விடும். அடிவாரப் பக்கம் அப்படியொரு பெரியவரைச் சந்தித்தால், நோட்டுப் புத்தகத்தோடு அவர் திண்ணையில் உட்காருங்கள். முதல் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள்.